மரத்தில் கட்டிய கூரை

மாரமங்கலம்
ஜூன் 14

அன்புத் தம்பி கார்த்திக்கு, அக்கா வனிதா எழுதுவது. நான், உன் மச்சான், கீர்த்திகா மூவரும் சுகம். வேதாரண்யத்து வெயிலில் நீ கருவாடாகாமல் இருக்கிறாயா என்று தெரிய வேண்டும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நீ நாலு வார்த்தை குறுக்கே பேசுகிறாய். சிக்னலும் பஸ் ஸ்டாப்பில்தான் கிடைக்கிறது. அங்கே நின்று கத்தினால் நம் வீட்டு விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். கடிதத்தில் நீ வாயை மூடிக்கொண்டு கேட்டுத்தான் ஆக வேண்டும்.

போன மாதம் கோடை மழையோடு வந்த காற்றில் நம் வரிசையின் கடைசி வீட்டுத் தகரம் பிய்ந்து காப்பித் தோட்டத்துக்குள் போய் விழுந்தது. நம்முடையது தொகுப்பு வீடு. ஐந்து குடும்பம், நடுவே சுவர், மேலே ஒரே கூரை. ஒரு மூலை கிளம்பினால் மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்க முடியுமா?

கிராம சபைக்கு தீபிகா என்று ஒரு என்ஜினியர் பெண் வந்திருந்தது. புயல் காற்றைத் தாங்குகிற மாதிரி பழைய வீடுகளைப் பலப்படுத்த அரசாங்கமே செலவு செய்கிறதாம். சுவரின் மேல் கான்கிரீட் பெல்ட், புது ஷீட், போல்ட், இரும்புப் பட்டை, ஆள் கூலி எல்லாமே அவர்கள் பொறுப்பு. நீ கடலோரத்தில் செய்கிற அதே வேலை இப்போது மலைக்கும் வந்திருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை. ஒரு கூரையின் கீழ் இருக்கும் எல்லா வீட்டாரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் யாருக்கும் கிடையாது.

நாலு வீட்டார் கையெழுத்துப் போட்டுவிட்டோம். நடு வீட்டு மாதேஸ்வரன் பெரியப்பா மட்டும் மாட்டேன் என்கிறார். கூரையை அவர் மரத்தோடு இழுத்துக் கட்டியிருக்கிற கம்பியை அவிழ்க்கச் சொன்னதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"இத்தன வருசமா இந்தக் கூரையப் புடிச்சு வெச்சிருக்கறது என்ற கம்பியும் என்ற சில்வர் ஓக் மரமுந்தானுங்க. அத அவுத்துப் போட்டுட்டு போல்ட்ட நம்போணுமா?" என்று சபையிலேயே கேட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஐப்பசி, கார்த்திகைக் காற்றுக்கு முன்னால் வேலை முடிய வேண்டும். கீர்த்திகா அந்தக் கூரைக்கு அடியில்தான் படுக்கிறாள். என்ன செய்யலாம், சொல். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா,
வனிதா


வேதாரண்யம்
ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி கார்த்தியின் வணக்கம். கருவாடெல்லாம் ஆகவில்லை, பாதி காய்ந்திருக்கிறேன். மச்சானின் முதுகு வலி எப்படி இருக்கிறது? ஜீப்பில் இப்போதும் அளவுக்கு மேல் மூட்டை ஏற்றுகிறாரா?

நல்ல காரியத்தில் இறங்கியிருக்கிறாய். இங்கே இரும்புப் பட்டை அடித்து முடித்த வீடுகளைத் தினமும் பார்க்கிறேன். முன்பெல்லாம் காற்று என்றாலே மூட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடியவர்கள், இப்போது கதவைச் சாத்திக்கொண்டு சோறு பொங்குகிறார்கள். என் கை பட்ட கூரை என்பதில் எனக்கும் கொஞ்சம் கர்வம்தான்.

பெரியப்பா மேல் எனக்குக் கோபமில்லை. ஆடி மாதம் பிறந்தால் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஐந்து வீட்டுக்கும் கம்பி முறுக்குவார். அதற்காக யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. ஆனால் அந்தக் கம்பி ஆபத்தானது அக்கா. காற்றடித்தால் மரம் ஆடும், வீடு ஆடாது. இரண்டையும் சேர்த்துக் கட்டினால், மரம் சாயும்போதெல்லாம் கூரையைப் பிடித்து இழுக்கும். இது வரை தப்பித்தது தகரம் லொடலொடவென்று இருந்ததால்தான். ஒரு தகரம் பிய்ந்துபோகும், மற்றவை நிற்கும். புதுக் கூரை முழுக்க ஒன்றாகப் பிணைந்திருக்கும். அதில் ஒரு கம்பி மாட்டியிருந்தாலும் மரம் விழும்போது மொத்தமும் போய்விடும், அடியில் இருப்பவர்கள் தலையில் சுவரும் விழும். இதை அவரிடம் பக்குவமாகச் சொல்.

உன் அன்புத் தம்பி,
கார்த்தி


மாரமங்கலம்
ஜூலை 21

அன்புத் தம்பிக்கு, அக்கா ஆசிகள். வீட்டில் எல்லோருக்கும் சளி பிடித்து விட்டது, இப்போது தேவலை. இங்கே பத்து நாளாக மூடுபனி. துவைத்த துணி எதுவும் காயவில்லை.

நீ எழுதியதைப் பக்குவமாகச் சொன்னேன். பெரியப்பா அதைவிடப் பக்குவமாகக் கேட்டார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, நிதானமாக மென்று முடித்துவிட்டு, "ஏனம்மணி, உன்ற தம்பி கடலுக்குப் போயி எத்தன நாளாச்சு?" என்றார்.

"மூணு வருசமுங்க பெரியப்பா."

"இந்த மரம் நான் வெச்சு முப்பது வருசமாச்சு. அது எப்படி ஆடும்னு அவனெனக்குச் சொல்றானா?"

பெரியம்மா ராசம்மாள் உள்ளேயிருந்து, "அவன் சொல்றதுல என்ன தப்பு? கோடை மழையில கடைசி ஊட்டுத் தகரம் பறந்தப்ப உங்க கம்பி எங்க போச்சாம்?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். அன்றைக்கு முழுக்க அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததே தவிரப் பேச்சு இல்லை.

தீபிகா அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறது. பாவம், நல்ல பெண். பஸ் இல்லாத நேரத்தில் நடந்தே வருகிறது.

அக்கா


வேதாரண்யம்
ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு, நலம், நலமறிய ஆவல். வேலை அவசரம், சுருக்கமாக எழுதுகிறேன்.

கெஞ்சிக்கொண்டிருந்தால் ஆகாது. அந்த என்ஜினியர் மேடத்தை விட்டே ஒரு அதட்டு அதட்டச் சொல். பெரியப்பா ஒருவரால் நாலு குடும்பம் நனையும் என்று ஊர் நடுவே வைத்துக் கேட்டால் தானாக வழிக்கு வருவார். நாள் போய்க்கொண்டே இருக்கிறது. எனக்கு இங்கே தூக்கம் வரவில்லை.

கார்த்தி


மாரமங்கலம்
செப்டம்பர் 3

என் அவசரக்காரத் தம்பிக்கு, அக்கா எழுதுவது. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை.

உன் யோசனையை அடுப்பில் போட்டுவிட்டேன். நன்றாக எரிந்தது. நமக்காக ஆண்டுக் கணக்கில் ஏணி ஏறிய மனுஷனை ஊர் நடுவே நிற்க வைத்தால், அந்தக் கூரையின் கீழ் நான் எப்படிச் சோறு தின்பேன்?

தனியாகப் போய் அவரிடம் கேட்டேன்: "பெரியப்பா, உங்க கம்பிய எவனோ ஒருத்தன் வந்து வெட்டிப் போட்டா எனக்கே மனசு ஆறாதுங்க. நீங்களே அவுத்து வெய்யுங்க. போல்ட் போடறப்ப நீங்களே மேல ஏறி ஒவ்வொண்ணையும் ஆட்டிப் பாருங்க. ஆடுச்சுன்னா இந்தத் திட்டமே வேண்டாமுன்னு நானே சொல்லிப்போடறனுங்க."

எழுந்துபோய் மரத்தில் கட்டியிருந்த கம்பியை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு, "பேனா இருக்குதா கண்ணு?" என்றார்.

மறுநாள் காலையில் அவரே ஏணி வைத்து ஏறி, கம்பியை அவிழ்த்து, வளையம் வளையமாகச் சுற்றி வீட்டுக்குள் ஆணியில் மாட்டிவிட்டார். யாரையும் தொட விடவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பெரியம்மா மட்டும், "என்னமோ புள்ளையப் பட்டாளத்துக்கு அனுப்பற மாதிரி" என்று முணுமுணுத்தார்.

தீபிகா பழைய கூரையைப் போட்டோ எடுத்துவிட்டு, அதை அனுப்பச் சிக்னல் தேடி பஸ் ஸ்டாப் வரை நடந்தது. மழை பிடித்துக்கொண்டது. போன் நனையாமல் தலைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, தான் மட்டும் நனைந்து போனது. சம்பளம் வாங்குகிற வேலைதான் என்றாலும் எல்லோரும் இப்படிச் செய்வார்களா?

அக்கா


வேதாரண்யம்
செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம். உடம்பு சுகம், மனசு அதைவிடச் சுகம்.

தோற்றுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். உன் கடிதத்தை மேஸ்திரியிடம் வாசித்துக் காட்டினேன். "உங்க அக்காவை இங்கே அனுப்பு, கையெழுத்துப் போடாத வீடு நிறைய இருக்கு" என்கிறார்.

ஒன்றே ஒன்று மட்டும். வேலை முடிந்த பிறகும் ஆசைக்கென்றுகூட அந்தக் கம்பி மறுபடி மேலே ஏறக் கூடாது. நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு வாக்குக் கொடு.

கார்த்தி


மாரமங்கலம்
அக்டோபர் 26

அன்புத் தம்பிக்கு, அக்காவின் ஆசிகள். வேலை முடிந்துவிட்டது! அதனால் இங்கே அனைவரும் சுகத்திலும் சுகம்.

நீ வந்து பார்க்க வேண்டும். சுவரின் தலையைச் சுற்றிக் கான்கிரீட் பெல்ட். அதிலிருந்து இரும்புப் பட்டை கிளம்பி, கூரைச் சட்டத்தை வளைத்துப் பிடித்திருக்கிறது, பிள்ளையை இடுப்பில் இறுக்கிப் பிடிக்கிற மாதிரி. பெரியப்பா சொன்னபடி மேலே ஏறி ஒவ்வொரு போல்ட்டாக ஆட்டிப் பார்த்தார். ஒன்று ஆடியது. ஆட்களிடம் அவர் போட்ட சத்தம் அடிவாரத்துக் குப்பனூர் வரைக்கும் கேட்டிருக்கும். அதைக் கழற்றி மறுபடி போட வைத்துவிட்டுத்தான் இறங்கினார்.

மழை பெய்யும்போது முன்பெல்லாம் தகரம் அதிர்ந்து நாம் பேசுவது நமக்கே கேட்காது. இப்போது சத்தம் அடங்கிவிட்டது. கீர்த்திகா மழையில் படிக்கிறாள். உன் மச்சான் மழையில் குறட்டை விடுகிறார், அதுவும் நன்றாகக் கேட்கிறது.

பெரியப்பாதான் சரியாக இல்லை. சாயங்காலமானால் மரத்தடியில் நின்று கூரையையும் மரத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். "என்னுங்க பெரியப்பா?" என்றால், "ஒண்ணுமில்ல கண்ணு. சும்மா நிக்கறாப்பல இருக்குது" என்கிறார். மரத்தைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா, தெரியவில்லை.

கம்பி விஷயத்தில் வாக்குக் கொடுத்தேன், போதுமா? தீபாவளிக்கு அனுப்பிய புடவை நன்றாக இருக்கிறது. உனக்குப் பெண் பார்த்தால் அவளும் உன்னைத் திட்ட மாட்டாள்.

அக்கா


வேதாரண்யம்
நவம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு, நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

புயல் கரையைக் கடந்து மேற்கே மலைப் பக்கம் போகிறது என்கிறார்கள். காலையிலிருந்து போன் போடுகிறேன், ஒருவருக்கும் போகவில்லை. இந்தக் கடிதம் காற்றுக்குப் பிறகுதான் உன் கைக்கு வரும் என்று தெரியும். சும்மா இருக்க முடியாமல் எழுதுகிறேன். எல்லோரும் நடு வீட்டில் இருங்கள், அதுதான் பலம். மச்சானை ஜீப் எடுக்க விடாதே. கம்பி, அக்கா, கம்பி.

கார்த்தி


மாரமங்கலம்
டிசம்பர் 7

அன்புள்ள மாமாவுக்கு, அம்மா சொல்லச் சொல்லக் கீர்த்திகா எழுதுவது.

எல்லோரும் நலம். காற்று பலமாக அடித்தது. கூரை அசையவில்லை. அப்பா குப்பனூரில் மாட்டிக்கொண்டு, ரோட்டில் விழுந்த மரங்களை வெட்டிய பிறகு மறுநாள் வந்து சேர்ந்தார். டவர் இன்னும் சரியாகவில்லை. மாதேஸ்வரன் தாத்தாவின் பெரிய மரம் விழுந்துவிட்டது, பள்ளத்துப் பக்கம் விழுந்ததால் யாருக்கும் ஒன்றுமில்லை. காப்பிப் பழம் பறிப்பு நடப்பதால் அம்மாவுக்குக் கை ஒழியவில்லை, அதனால்தான் நான் எழுதுகிறேன். கவலைப்பட வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்கள்.

அன்புடன்,
கீர்த்திகா


வேதாரண்யம்
டிசம்பர் 15

அக்கா,

உடம்பு எப்படி இருக்கிறது? இதைச் சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

நீ காய்ச்சலில் கிடந்தபோதே எனக்குக் கடிதம் எழுதியவள். உன் கடிதத்தில் திட்டு இருக்கும், கேலி இருக்கும். இதில் எதுவும் இல்லை. "யாருக்கும் ஒன்றுமில்லை" என்று நீ சொல்லாமலேயே இருந்திருந்தால் நம்பியிருப்பேன். என்ன நடந்தது?

கார்த்தி


மாரமங்கலம்
டிசம்பர் 22

சிரஞ்சீவி கார்த்திக்கு, மாதேஸ்வரன் பெரியப்பன் ஆசீர்வாதம். எனக்குக் கண் சரியில்லாததால் நான் சொல்லச் சொல்ல ராசம்மாள் எழுதுகிறாள். சொன்னதைச் சொன்னபடி எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

சாமி, உன்ற அக்கா மேல எனக்கு ஒரு பிராது இருக்குது. நல்ல கம்பிய, முறுக்குக் கொறையாத கம்பிய, ஒரே போடுல வெட்டிப்போட்டா. அது இனி எதுக்கும் ஆகாது.

(கார்த்தி, பெரியம்மா எழுதுகிறேன். புயலுக்கு முந்தின நாள் இவர் யாருக்கும் தெரியாமல் கம்பியை மறுபடி மரத்தோடு கட்டிவிட்டார். அதைச் சொல்ல மாட்டார்.)

அன்னிக்கு மத்தியானம் காத்து ஏறுச்சு. அஞ்சு ஊட்டு ஆளுகளும் எங்க ஊட்லதான் இருந்தோம். மரம் சாயறப்பவெல்லாம் கூரை மூலையில கிறீச்சு கிறீச்சுன்னு சத்தம். எல்லாரும் காத்துன்னு நெனச்சுட்டு இருந்தாங்க. உன்ற அக்கா மட்டும் என்ற மூஞ்சியப் பார்த்தா. கோடாலிய எடுத்துட்டு வெளிய போயிட்டா. "கண்ணு, போகாத, மரம் சாயுது"ன்னு நான் கத்தறேன், அவ காதுல வாங்கினாத்தானே?

(இவரும் பின்னாலேயே ஓடினார். வழுக்கி வாசலில் விழுந்தார். அதையும் சொல்ல மாட்டார்.)

கம்பி நொம்ப விறைப்பா இருந்துச்சு. மரத்தோட வெச்சு வெட்டுனா. அறுந்த கம்பி சுருண்டு வந்து அவ சோத்துக்கையில அடிச்சுப்போட்டுது. கையப் புடிச்சுட்டு அவ உள்ள வந்து, கீர்த்திகா துணியச் சுத்திட்டு இருக்கறப்பவே மரம் வேரோட போயிருச்சு. பள்ளத்துக்குள்ள. நான் வெச்ச மரம். மொளகுக் கொடியோட போயிருச்சு.

கூரை அப்படியே நின்னுச்சு சாமி. அதுக்கடியில நாங்க அத்தன பேரும் இருந்தோம்.

உன்ற அக்கா என்னைய ஒண்ணும் கேக்கல. ஏற்காடு ஆஸ்பத்திரியில தையல் போடறப்ப எப்படி ஆச்சுன்னு கேட்டாங்க. கோடாலி வழுக்கிருச்சுன்னு சொல்லிட்டா. பிராது அவ்வளவுதான்.

(எழுதிக்கொண்டிருக்கும்போது எழுந்து வெளியே போய்விட்டார். கண்ணைத் துடைக்கிறார். உன் அக்காவுக்கு இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை. உன்னிடம் சொல்லக் கூடாதென்று எங்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறாள். இவர்தான் மீறினார், நானில்லை. — ராசம்மாள்)


வேதாரண்யம்
டிசம்பர் 30

என் அக்காவுக்கு,

பெரியம்மாவின் கடிதம் வந்தது. அதைப் படித்துவிட்டு வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தேன். கம்பி கம்பி என்று இங்கிருந்து எழுதிக்கொண்டே இருந்தவன் நான். அதை வெட்டப் போனவள் நீ. உன்னிடம் வாக்கு வாங்கியவனும் நான்தான்.

நான் எத்தனையோ கூரை போட்டிருக்கிறேன். எந்தக் கூரையையும் நீ காப்பாற்றிய மாதிரி நான் காப்பாற்றியதில்லை. அப்பா இருந்திருந்தால் உன்னைத் தோளில் தூக்கி வைத்து மாரமங்கலம் முழுக்கச் சுற்றியிருப்பார். பொங்கலுக்கு வருகிறேன். சேலத்தில் நல்ல டாக்டரிடம் கையைக் காட்டுவோம். மறுத்துப் பேசாதே.

உன் தம்பி,
கார்த்தி


மாரமங்கலம்
ஜனவரி 8

அன்புத் தம்பிக்கு, அக்காவே எழுதுவது. எழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருக்கிறது, சிரிக்காதே. ஒரு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

பெரியப்பா என்னைப் பற்றிப் பாதியைக் கூட்டிச் சொல்லியிருப்பார், நம்பாதே. வெட்டும்போது எனக்கும் பயம்தான். வாக்குக் கொடுத்ததற்காகப் போகவில்லை, கீர்த்திகா உள்ளே இருந்தாள், அதனால் போனேன்.

தீபிகா வந்து கூரையைப் பார்த்துவிட்டு, ஒரு போல்ட்கூட நகரவில்லை என்று சந்தோஷப்பட்டது. ஆனால் வெள்ளக்கடைப் பக்கம் ஒரு வரிசை வீட்டார் இன்னும் சம்மதிக்கவில்லையாம். அவர்களும் மரத்தோடு கம்பி கட்டியிருக்கிறார்கள், அதை அவிழ்க்க மனசில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். "அம்மணி, கிளம்பு" என்றார். எதற்கென்று சொல்லவில்லை. உன் மச்சான் ஜீப்பில் போனோம்.

அங்கே பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். தீபிகா படத்தைக் காட்டி விளக்கிச் சொன்னது. யாரும் அசையவில்லை. பெரியவர் ஒருவர், "எங்க கம்பி எங்களக் காப்பாத்துமுங்க" என்றார்.

பெரியப்பா எழுந்தார். என் பக்கத்தில் வந்து, என் வலது கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து, எல்லோரும் பார்க்கிற மாதிரி தூக்கினார்.

"இந்தக் கையப் பாருங்க. இது கம்பி பண்ணுன வேல. கூரைய அவங்க ஒழுங்காத்தான் கட்டிக் குடுத்தாங்க. அதுல போயிக் கம்பி கட்டுனது நானுங்க."

எதிர்த்துப் பேசிய அந்தப் பெரியவர்தான் முதலில் போய் ஏணியை எடுத்து வந்தார்.

பொங்கலுக்கு வா. கரும்பு வாங்கி வை என்று உன் மச்சானிடம் சொல்லியிருக்கிறேன்.

அக்கா,
வனிதா